நாடி இல்லாத மனுசன்

அந்தப் பைய மட்டும் மேல வைக்காத தாயி. அது எம் மடியிலயே இருக்கட்டும். தூக்குவாளி, வளையல் பெட்டி, அந்தக் கட்டப்பை எல்லாத்தையும் மேல தூக்கிப் போடு, கோச்சுக்க மாட்டேன். இது மட்டும் எங்கைய விட்டுப் போகக்கூடாது. நகையா? நகை இருந்தா நான் ஏன் இந்த லொடலொடா பஸ்ல வாறேன். நீ எந்த ஊரு? கடையநல்லூரா. தென்காசி மேலகரத்துல யாரையும் தெரியுமா? சொந்தம், சேக்காளி, கூடப் படிச்ச பிள்ளை, ஒருத்தரும் இல்லையே? அப்பச் சரி. நான் சன்னலோரம் உக்காந்துக்கிறேன், போனுக்கு சிக்னல் கிடைக்கணும்.

எடுக்க மாட்டேங்கிறா. எம் மகதான், பொன்செல்வி. ஒத்தப் பிள்ளை. மேலகரத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. இன்னைக்கு அவளுக்கு வளைகாப்பு, ஏழாம் மாசம். காலையில அஞ்சரைக்கு அவளே கூப்பிட்டா, ரெண்டு வார்த்தை பேசினா, வச்சுட்டா. அதுக்கப்புறம் நாலு தடவ போட்டுட்டேன். ஒறங்குறாளா இருக்கும். ராத்திரி ஒறக்கமில்லைன்னு சொன்னா. ஒறங்கட்டும். மணி என்ன? எட்டேகாலா? கோவில்பட்டியில ஏறினப்பவும் எட்டேகால்தானே சொன்ன?

முன்னால பாரு, டிரைவருக்குப் பின் சீட்டுல, வெள்ளச் சட்ட. டிரைவரு பேசாட்டாலும் விடாமப் பேசுறாகளே, அவுகதான் எங்க வீட்டுக்காரக. ஆவுடையப்பன்னு பேரு. ரயில்வேல கார்டு வேலை. கூட்ஸ் வண்டியோட கடைசிப் பெட்டியில பச்சக்கொடிய வச்சுக்கிட்டு ஒத்தையில நிக்கணும். முப்பது வருசம் பேச ஆளில்லாமப் போனதுக்கெல்லாம் சேத்து இப்பப் பேசுறாக.

இடுப்புல ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு இருக்கு பாத்தியா? அது பேட்டரி. அவுக நெஞ்சுக்குள்ள ஒரு மோட்டார் ஓடுது தாயி.

சிரிக்காத, நெசமாத்தான். ஒரு சின்னக் கொய்யாக்கா தண்டிதான் இருக்கும். இருதயத்துக்கு அடியில வச்சுத் தச்சிருக்கு. இருதயம் அடிச்சு அனுப்ப வேண்டிய ரத்தத்த அது உறிஞ்சி அனுப்புது. வயித்துல ஓட்ட போட்டு அதுவழியா ஒரு ஒயர் வெளிய வருது. ஒயர் வந்து இடுப்புல இருக்கிற பெட்டியில சேருது, பெட்டிக்கு ரெண்டு பேட்டரி. ராத்திரி படுக்கும்போது அந்த மனுசனச் சுவத்துப் பிளக்குல மாட்டணும், நாம ஃபிரிஜ்ஜ மாட்டுற மாதிரி. எம் மடியில இருக்கிற பையில மாத்துப் பேட்டரியும் மாத்துப் பெட்டியும் இருக்கு. இப்பத் தெரியுதா ஏன் மேல வைக்க விடலைன்னு? பிரேக் போட்டு இது கீழ விழுந்தா எந் தாலி விழுந்த மாதிரி.

அவுக நெஞ்சுல காத வச்சா லப்டப்பு கிடையாது. ஒய்ங்னு ஒரே சத்தம், ரெண்டு தெரு தள்ளி மாவு மில்லு ஓடுற மாதிரி. மொத ஒரு மாசம் அந்தச் சத்தத்துல எனக்கு ஒறக்கமில்ல. இப்ப அந்தச் சத்தம் கேக்கலைன்னா ஒறக்கமில்ல. கையப் புடிச்சுப் பாத்தா நாடியும் கிடையாது. இருதயம் விட்டு விட்டு அடிச்சாத்தான நாடி? இது நிக்காம ஓடுது. ரத்தம் வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி ஒரே சீராப் போகுது. அதனால நாடி இல்ல. நாடி இல்லாமலே நல்லாச் சாப்பிடுறாக, நல்லா ஏசுறாக.

இரு, இன்னொரு தடவ போட்டுப் பாக்கேன்.

ம்ஹூம். எடுக்கல.

எப்படி வந்துச்சுன்னு கேக்கியா? செருப்புலதான் ஆரம்பிச்சுது. அவுக காலுக்கு எட்டாம் நம்பரு. ஒரு சித்திர மாசம் செருப்பு புடிக்குதுன்னாக. ஒம்பது வாங்கினோம். ஆடிக்குள்ள அதுவும் பத்தல. பத்து வாங்கப் போனா, செருப்புக்கடை பாய், “என்னக்கா, அண்ணாச்சி இந்த வயசுல வளர்றாகளா?”ன்னு கேட்டாரு. நானும் சேந்து சிரிச்சேன். பாவி, சிரிச்சேன்! அப்புறம் தலகாணி. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. மூணும் பத்தாம, சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டே ஒறங்குனாக. படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காருறாங்கன்னாக. நான் வாயுன்னு நெனச்சு இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வச்சேன். ஆறு மாசம் ரசம் வச்சேன் தாயி. கடைசியில மெட்ராசுக்குத் தூக்கிட்டு ஓடுனோம். டாக்டரு படத்தப் பாத்துட்டு, “இருதயம் வீங்கித் தொளதொளத்துப் போச்சு, இனி மாத்திரை கேக்காது. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே புடிச்சு நிறுத்தியிருக்கலாம்”னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ரசத்த இன்னைக்கு வரைக்கும் நான் வாயில வைக்கிறதில்ல. செலவ டிபார்ட்மெண்ட் ஏத்துக்கிச்சு, அது அவுக நின்ன நிப்புக்குக் கெடச்ச புண்ணியம்.

அந்த டாக்டரு நல்லவருதான். கொஞ்சம் பயமுறுத்துவாரு, அவ்வளவுதான். “வீட்ல வேற யாருக்கும் இருந்துச்சா?”ன்னு கேட்டாரு. இவுக அய்யா நாப்பத்தெட்டு வயசுல வயக்காட்டுல உக்காந்தவரு அப்படியே போயிட்டாருன்னேன். அதச் சொன்னதும் பேனாவக் கீழ வச்சுட்டாரு. “இது ரத்தத்தோட வழிவழியா வர்ற வகையா இருக்கலாம்மா. உங்க பொண்ணுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பாத்துருங்க. வலிக்காது, ஸ்கேன்தான்”னாரு. இருவத்திமூணு வயசுப் பிள்ளை! பி.எட். படிச்சுக்கிட்டு, ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறுற பிள்ளைக்கு இருதயத்துல ஸ்கேனாம். டாக்டருக எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுன்னுதான் சொல்லுவாக. அவுக அப்ப வாயில குழாயோட கெடந்தாக, செல்வி கீழ கேண்டீன்ல காப்பி வாங்கப் போயிருந்தா. நான் மட்டுந்தான் கேட்டேன். சரி சார்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். அதோட சரி. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. இப்ப உங்கிட்ட என்னமோ வாயில வந்துருச்சு. கழுகுமலை தாண்டிருச்சா?

ஆபரேசனுக்கப்புறம் எனக்குப் பரிச்சை வச்சாக தெரியுமா? பேட்டரி மாத்துறது, வயித்துல ஒயர் வர்ற எடத்துல கட்டு மாத்துறது, பெட்டியில எந்த வெளக்கு எரிஞ்சா என்ன செய்யணும், எந்தச் சத்தம் வந்தா என்ன செய்யணும். ஒரு பேட்டரியக் கழத்தி மாட்டிட்டுத்தான் அடுத்தத் தொடணும். ரெண்டையும் ஒண்ணாக் கழத்தப்படாது. கழத்திட்டா பெட்டிக்குள்ள இருக்கிற குட்டி பேட்டரி ஒரு கால் மணி நேரம் தாக்குப்புடிக்கும், அதுக்கு மேல கிடையாது. பத்தாப்புல கணக்குல பெயிலானவ நான். அந்தப் பரிச்சையில ஒரு கேள்வி தப்பு விடல. நர்ஸம்மா கைகுடுத்தாக. “ஊருக்குப் போனதும் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, உள்ளூர் டாக்டர் எல்லார்கிட்டயும் வெவரம் சொல்லி வைங்கம்மா. நாடி இருக்காதுன்னு சொல்லி வைங்க”ன்னு தாளுகூட அச்சடிச்சுக் குடுத்தாக.

நான் அந்தத் தாள பீரோவுக்குள்ள, பட்டுச்சேலைக்கு அடியில வச்சேன்.

பின்ன? பொண்ணு கேட்டு வாற நேரம். அப்பனுக்கு இருதயத்துல மிஷின்னு தெரிஞ்சா எவன் படியேறுவான்? அப்பனுக்கு இருந்தா மகளுக்கும் இருக்குமோன்னு யோசிப்பானா மாட்டானா? ஊர் வாய மூட உலைமூடி உண்டா? அதனால சுகர் மிஷின்னு சொன்னேன். இப்பப் பலபேரு இடுப்புல சுகருக்கு என்னத்தையோ மாட்டிக்கிட்டுத்தான அலையுறாக. அவுகளுக்கு இஷ்டமில்ல. செல்வி, “மாப்பிள்ளகிட்டயாவது சொல்லிருவோம்மா”ன்னு ஒத்தக்கால்ல நின்னா. எந் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவுக சொல்லியிருக்காக. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு.

ஆனா இந்தச் சொந்தக்காரங்க இருக்காங்களே, அவங்க பண்ணின காரியத்தக் கேட்டா நீயே வயிறெரிவ.

ஓட்டப்பிடாரம் பக்கம் அவுக சொந்த ஊரு. பங்குனியில மாடசாமி கோயில் கொடைத் திருவிழா. அவுக பொழச்சு வந்தா கொடைக்கு விரதமிருந்து பொங்க வைக்கிறோம்னு நேந்திருந்தேன். ஆபரேசன் முடிஞ்சு எட்டு மாசம். செல்வி பரிச்சைன்னு வரல, நாங்க ரெண்டு பேரும் போனோம். மதியக் கொடை முடியுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். சாமி காரியம்லா? ஒண்ணுக்குப் போற மாத்திரைய மட்டும் எச்சியக் கூட்டி முழுங்குனாக. பங்குனி வெயிலு, பொட்டக் காடு, பந்தலுக்குக் கீழ கூட மண்ணு சுட்டுது. நான் பொங்கப் பானையோட மல்லுக்கட்டிக்கிட்டு கோயிலுக்குப் பின்னால இருந்தேன். இவுக பந்தல்ல உக்காந்தவுக அப்படியே சரிஞ்சுட்டாக.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு தாயி. வேலாயுதம்னு ஒரு கம்பவுண்டரு. தர்மாஸ்பத்திரியில இருந்து ரிட்டயர் ஆகி இருவது வருசம் இருக்கும். ஊர்ல யாரு மூச்சடங்குனாலும் அவரு வந்து கையப் புடிச்சுப் பாக்கணும். அவரு கையப் புடிச்சிருக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அவரு கைய மெதுவாக் கீழ வச்சுட்டு, தோள்துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாருன்னா, அதோட ஊரு அழலாம். அப்படி ஒரு மரியாத. அவரு கணக்கு ஒரு தடவ கூடத் தப்பினதில்லைன்னு சொல்லுவாங்க.

வந்திருக்காரு. கையப் புடிச்சிருக்காரு. நாடி இல்ல. கழுத்துல வச்சுப் பாத்திருக்காரு. அங்கயும் இல்ல. நெஞ்சுல காத வச்சுப் பாத்திருந்தா வேற கத. ஆனா மேளம் அடிச்சுக்கிட்டிருக்கு, எவருக்கு என்ன கேக்கும்? கையக் கீழ வச்சாரு. துண்ட எடுத்தாரு.

மேளம் டக்குன்னு நின்னுச்சு. நான் தலையத் தூக்கினேன். அடுத்த நிமிசம் எங்க மதினி பிச்சம்மா, அவுக கூடப் பொறந்த அக்கா, “என் ராசா, என் தொரையே”ன்னு ஒப்பாரி எடுத்தாக. கரண்டியப் போட்டுட்டு ஓடுறேன். போய்ப் பாத்தா, கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியாச்சு. நெத்தியில ஒத்த ரூவா. கொழுந்தன் கொம்பையா பக்கத்துல மண்டி போட்டு, “போன உசுருக்கு இந்த பாரம் எதுக்கு, சுகரும் போச்சு எல்லாம் போச்சு”ன்னு அழுதுக்கிட்டே பேட்டரியக் கழத்துறான். ஒண்ணக் கழத்திட்டான். ரெண்டாவதையும் கழத்திட்டான். பெட்டி கத்துது, வீல்னு கத்துது. அத யாரோட செல்போனோன்னு நெனச்சு, “எவம்ல அது, எழவு வீட்ல போன அமத்துல”ங்கிறான் ஒருத்தன்.

“தொடாதல! அவுக சாகல! அவுகளுக்கு எட்டு மாசமா நாடியே கிடையாதுல!”ன்னு கத்துனேன்.

எல்லாரும் என்னைப் பாத்த பார்வ இருக்கே. “பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு”ன்னு ஒருத்தி சொல்றா. மதினி என்ன இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்கிட்டாக. கூட ரெண்டு பொம்பளைக கையப் புடிச்சுக்கிட்டாளுக. அவ்வளவு பாசம். நான் திமிறுறேன், அவங்க இறுக்குறாங்க. பெட்டி கத்துது. கால் மணி நேரம்னு நர்ஸம்மா சொன்னது மட்டும் மண்டைக்குள்ள ஓடுது. அதுல எவ்வளவு போச்சுன்னு தெரியல. எனக்கு வேற வழி தெரியல தாயி. மதினி கையக் கடிச்சுட்டேன். ரத்தம் வர்ற மாதிரி கடிச்சுட்டேன். இன்னைக்கும் தழும்பு இருக்கு, நல்லது கெட்டதுல எல்லார்கிட்டயும் காட்டுறாக.

கொம்பையாவத் தள்ளி விட்டுட்டு ஒரு பேட்டரிய மாட்டுனேன், அடுத்ததையும் மாட்டுனேன். கத்தல் நின்னுச்சு. பச்ச வெளக்கு வந்துச்சு. கம்பவுண்டரு சட்டையப் புடிச்சு இழுத்து அவரு காத அவுக நெஞ்சுல வச்சு அமுக்குனேன். பெரிய மனுசரு, எண்பது வயசு. அமுக்குனேன். அவரு அப்படியே கெடந்தாரு. ஒரு நிமிசம் கழிச்சு, “உள்ள என்னமோ ஓடுதுய்யா”ன்னாரு. காலத் தூக்கி அரிசி மூட்டை மேல வச்சு, மொகத்துல தண்ணியடிச்சு, உப்புப் போட்ட நீச்சத்தண்ணியத் தொட்டுத் தொட்டு உதட்டுல வச்சேன். கண்ணத் தொறந்தாக. தலையத் தூக்கி ஒருதடவ காலப் பாத்தாக. “ஏட்டி செண்பகம், யாருட்டி எங்காலக் கட்டுனது?”ன்னாக. நெத்தியிலருந்து அந்த ஒத்த ரூவா உருண்டு மண்ணுல விழுந்துச்சு.

இப்பச் சொல்லு. கூறுகெட்ட சனங்க இல்லையா இதுக? ஒரு மனுசன உயிரோட கட்டிப்புட்டாங்களே!

என்ன அப்படிப் பாக்க? முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காதேன்னா? நீயும் அவுகள மாதிரியே பேசுற. சொல்றதுக்கென்ன, சொல்லிட்டுப் பொண்ண வீட்லயே வச்சுக்கிட வேண்டியதுதான். அன்னைக்கும் அங்க சமாளிச்சேன், சுகர் கொறஞ்சு மயக்கம், அந்த மிஷின்தான் காப்பாத்துச்சுன்னு. நாடியப் பத்திக் கத்துனது? பித்துப் புடிச்சவ கத்துனான்னு அவங்களே மறந்துட்டாங்க. கம்பவுண்டரு மட்டும் மறக்கல. அதுக்கப்புறம் அந்த மனுசன் யாரு கையையும் புடிக்கிறதில்லையாம். இப்ப ஊர்ல யாரு செத்தாலும் எப்ப அழுறதுன்னு தெரியாம முழிக்காங்களாம்.

அதுலருந்து அவுக என்ன பண்றாக தெரியுமா? ஒரு அட்டையில அவுக கையாலயே எழுதி, பிளாஸ்டிக் கவர் போட்டு, கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டியிருக்காக. “எனக்கு நாடி இருக்காது. நான் சாகவில்லை. பேட்டரியைக் கழற்றாதீர்கள். என் மனைவியைக் கூப்பிடுங்கள்.” அடியில எம் போன் நம்பரு. இதப் போட்டுக்கிட்டு கல்யாணத்துல வந்து நிக்கேன்னாக! அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி சட்டைக்குள்ள போட வச்சேன். இன்னைக்கு வீட்ட விட்டுக் கெளம்பும்போதும் அதே சண்டை. பேரப்பிள்ள வரப்போற நேரத்துல இனியும் எதுக்குட்டி மறைக்கணும்னு கேக்காக. பொறக்கட்டும், பொறந்த பெறகு பாத்துக்கிடலாம்னேன். அங்க பாரு, அங்க பாரு, சட்டைக்குள்ளருந்து அட்டைய எடுத்து டிரைவருக்குக் காட்டுறாக. ஏ சாமி! அந்த டிரைவர் ரோட்டப் பாக்காம அட்டையப் படிக்கான். இந்த மனுசன் பொழச்சதே எல்லாரையும் கொல்றதுக்குத்தான்.

சங்கரன்கோவில் வந்துருச்சா? பத்து நிமிசம் நிப்பானா? எதுக்கு நிக்கான், ஆளுதான் ஏறியாச்சே. கண்டக்டர் தம்பி, சீக்கிரம் எடுக்கச் சொல்லுய்யா, முகூர்த்த நேரம் போயிரும்.

எனக்கு ஒண்ணுமில்ல. காப்பி குடிக்காம வந்தேன், அதான். இன்னொரு தடவ போடுறேன். மணி அடிக்குது. அடிக்குது. எடுக்கல. வளைகாப்பு வீட்ல ஆயிரம் சோலி இருக்கும், போன எங்கயாவது வச்சிருப்பா. இன்னைக்கு வளையல் போட்டுக் கையோட கூட்டிட்டு வந்துருவோம். நம்ம வீட்டுக்கு வந்துட்டா நான் பாத்துக்குவேன். அது வரைக்குந்தான்.

மேல இருக்கிற கட்டப்பைய எடு தாயி, ஒண்ணு காட்டுறேன். இந்தா, இது எப்படி இருக்கு? மெத்துன்னு இருக்குல்ல? செல்விக்குத்தான். செருப்புக்கு மட்டும் அவளுக்கு ஆச. கல்யாணத்தப்ப அஞ்சாம் நம்பரு. போன மாசம் ஆறு வாங்கிக் குடுத்தேன். முந்தாநாத்து போன்ல, “அம்மா, ஆறும் ஏறல, அப்பாவோட பழைய செருப்பு கெடந்தா எடுத்துட்டு வா”ன்னு சிரிக்கா. நேத்துப் போய் ஏழு வாங்கிட்டு வந்தேன். அதே பாய் கடைதான். “ஏழு யாருக்குக்கா?”ன்னு கேட்டாரு. மகளுக்குன்னேன். அஞ்சு நானே குடுத்தேனே, நம்பரு மாறுதேன்னாரு. ஆமா பாய், வளர்றான்னேன்.

அவரு சிரிக்கல.

எதுக்கெடுத்தாலும் சிரிக்கிற மனுசன். செருப்பக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. அப்புறம் பையில போட்டுக் குடுத்துட்டாரு. ராத்திரி பூரா அதான், ஏன் அவரு சிரிக்கலன்னு.

பிள்ளத்தாச்சிக்குக் காலு வீங்கத்தான் செய்யும். ஒலகத்துல எல்லாருக்கும் வீங்கும். எனக்கும் வீங்குச்சு, இவ வயித்துல இருக்கும்போது. ஒனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ள. காலையில கூப்பிட்டாளே, என்ன சொன்னா தெரியுமா? “அம்மா, படுக்கவே முடியலம்மா. மூணு தலகாணி வச்சும் முடியல. ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். படுத்தா நெஞ்சு மேல யாரோ...”

நான் சொன்னேன், தலச்சன் பிள்ளன்னா அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். வாயுதான், இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு...

ரசம் வச்சுக் குடிக்கச் சொன்னேன் தாயி.

ரசம் வச்சுக் குடிக்கச் சொன்னேன். ஒங்க அத்தகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதன்னும் சொன்னேன்.

ஏங்க! ஏங்க, இங்க திரும்புங்க! டிரைவருகிட்டப் பேசுனது போதும், இங்க வாங்க! எல்லாரும் பாத்தாப் பாக்கட்டும். மெட்ராசுல டாக்டரு பிள்ளைக்கும் எக்கோ எடுக்கச் சொன்னாருங்க. ஆமா, எங்கிட்டத்தான் சொன்னாரு. உங்க அய்யாவுக்கும் இதுதானாம், வழிவழியா வருமாம். நான் சொல்லல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பிள்ளைக்கு உங்கள மாதிரியே இருக்குங்க, காலு, தலகாணி, எல்லாம் உங்கள மாதிரியே இருக்கு. என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. இப்ப உக்காருங்க, ஓடுற பஸ்ல நிக்காதீங்க, பேட்டரி இடிச்சுரும்.

தாயி, இந்தப் போனப் புடி. நான் இவுகளப் புடிச்சு உக்கார வைக்கேன். சம்மந்தியம்மான்னு இருக்கும் பாரு, அதப் போடு. போட்டுட்டியா? குடு.

அல்லோ, சம்மந்தியம்மா? நாந்தான், செண்பகம். வந்துக்கிட்டே இருக்கோம், சங்கரன்கோவில் தாண்டியாச்சு. பந்தல் கெடக்கட்டும் சம்மந்தியம்மா, வளையலும் கெடக்கட்டும். செல்வி என்ன பண்றா? உக்காந்திருக்காளா? மூச்சு வாங்குதா? படுக்க வைக்காதீங்க, சாஞ்சே இருக்கட்டும். உடனே ஒரு வண்டியப் புடிச்சு இருதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பிரசவ டாக்டர் இல்ல, இருதய டாக்டர். அவுக அப்பாவுக்கு நெஞ்சுக்குள்ள மிஷின் ஓடுது, தாத்தாவும் அதுலதான் போனாரு, பிள்ளைக்கும் பாக்கச் சொல்லி ரெண்டு வருசம் முன்னாடியே டாக்டர் சொன்னாரு, ஆத்தாக்காரி மறச்சுட்டான்னு போய்ச் சொல்லுங்க. ஆமா. சுகர் மிஷின் இல்ல. ஆமா, பொய்தான். நாந்தான் சொன்னேன், டாக்டர் பாக்கச் சொன்னது அவளுக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. ஏசுங்க சம்மந்தியம்மா, நான் வந்து உங்க வாசல்லயே நிக்கேன், நல்லா ஏசுங்க. மொதல்ல வண்டியக் கூப்பிடுங்க.